புள்ளி நாலு மில்லி சந்தனம்

சென்னகிருஷ்ணனுக்குப் பாராட்டத் தெரியாது. இது யாரும் அவர்மேல் சுமத்திய பழி அல்ல, அவரே ஒத்துக்கொண்ட விஷயம். ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருடமாக அவருக்குக் கடைசி மேஜை. செய்து, கழுவி, எண்ணெய் பூசி வரும் ஒவ்வொரு பாகமும் அவர் முன்னால் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் வெளியே போகும். சரியாக இருந்தால் பேசாமல் தட்டில் தள்ளிவிடுவார். குறை இருந்தால் மட்டும் வாய் திறப்பார். குறை கண்டபோது மட்டுமே பேசிப் பழகியவருக்கு நல்லதைச் சொல்லும் தசை சுருங்கித்தான் போகும்.

அவரிடமிருந்து வரக்கூடிய உச்சபட்சப் புகழ்ச்சி “குறையில்ல” என்பது. சூளகிரிக்குப் பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று மாமனார் கேட்டதற்கும் அதையேதான் சொன்னார். அது சம்மதமா, சலிப்பா என்று அந்த வீட்டில் இரண்டு நாள் விவாதம் நடந்ததாம். இப்போதும் சாம்பாரில் உப்பு கம்மி என்று அவர் சொன்னால் மனைவி ரூபா விடமாட்டார். “குறையில்லன்னு சொல்லித்தான கட்டிக்கிட்டீங்க, இப்ப என்னா புதுசா கண்டுபிடிக்கிறீங்க?”

இப்படிப்பட்டவர், மரத்தில் சின்னச் சின்னக் கப்பல் செய்பவர்களை ஊக்குவிப்பதற்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ஓசூரிலிருந்து கடலுக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் பயணம். ஊரே கடல் மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. இங்கே எதற்குக் கப்பல் என்று கேட்டவர்களுக்கு அவர் மரத்தைத்தான் காட்டுவார். வெளிநாட்டிலிருந்து கம்பெனிக்கு வந்த ஒரு இயந்திரத்தின் பெட்டி நல்ல பைன் மரம். அதை ஸ்கிராப்பில் போட மனம் வராமல் இரண்டு பலகை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதில் என்ன செய்யலாம் என்று தேடியபோது கணினியில் ஒரு பாய்மரக் கப்பலின் வரைபடம் கிடைத்தது. வரைபடத்தில் நூற்றெழுபது அளவுகள் இருந்தன. அவரை இழுத்தது கப்பல் அல்ல, அந்த அளவுகள்தான் என்று நினைக்க இடமிருக்கிறது.

சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். அவர் ஒருவர். பாகலூர் ரோட்டில், சரக்கு அடுக்கும் மரப் பேலட் செய்யும் பட்டறை வைத்திருக்கும் ஜமீர் அகமது இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமைகளில் லோடு இருக்காது என்பதால் அவர் பட்டறையில்தான் கூட்டம் நடக்கும். ஆறு வருடம் பேலட் செய்த கை என்பதால் ஜமீர் செய்யும் கப்பலைத் தூக்கிப் பார்க்கும் யாருக்கும் அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழைய வழி இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். மூன்றாவது, சென்னகிருஷ்ணனின் கம்பெனியிலேயே சி.என்.சி. இயந்திரம் ஓட்டும் கோபி. எதைச் சொன்னாலும் “சரி சார்” என்பான், எதையும் மாற்றமாட்டான்.

நான்காவது கல்லாவியைச் சேர்ந்த முத்துமணி. அவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் ‘ஓசூர் கப்பல் சங்கம்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, கப்பலில் வேலை வாங்கித் தருகிறார்கள் என்று நம்பிச் சேர்ந்தவர். பாஸ்போர்ட் தயாராக இருக்கிறது என்று முதல் நாளே போட்டோ அனுப்பினார். விஷயத்தை விளக்கிய பிறகும் விலகவில்லை. யார் எந்தப் படம் போட்டாலும் “சூப்பர் சார்” என்று உடனே பதில் வரும். ஒருமுறை ஜமீர் இரண்டாக உடைந்த பலகையின் படத்தைப் போட்டார். அதுவும் சூப்பர்தான்.

ஐந்தாவது கெம்பம்மா. குந்தாரப்பள்ளிக்காரர், சிப்காட் கேட்டுக்கு எதிரே மெஸ் நடத்துகிறார். மதியம் களியும் கீரைக் கடைசலும், இரவு ஷிஃப்டுக்கு இட்லி. கம்பெனியின் குடும்ப விழாவுக்காகச் சென்னகிருஷ்ணன் தன் முதல் கப்பலை எடுத்துப் போன அன்று, வழியில் டீ குடிக்க அந்த மெஸ்ஸில் வைத்தார். கெம்பம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இது எதுக்கு ஆகும் என்று கேட்டார். எதுக்கும் ஆகாது என்றார் சென்னகிருஷ்ணன். கெம்பம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் தானும் ஒன்று செய்ய வேண்டும் என்றார். விடிந்ததிலிருந்து அவர் கை படுவதெல்லாம் ஏதாவது ஒன்றுக்கு ஆகியே தீர வேண்டியிருந்தது, அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

கப்பலின் பக்கங்களுக்கு மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து ஒட்ட வேண்டும். நேராக வளைத்தால் உடையும், ஆவி காட்டித்தான் வளைக்க வேண்டும். மற்றவர்கள் கெட்டிலோடு போராடிக்கொண்டிருந்தபோது கெம்பம்மா பட்டிகளை இட்லிக் கொப்பரைக்குள் வைத்து மூடினார். ஒரு ஈடு இட்லி வேகும் நேரம். எடுத்தால் பட்டி வாழைநார் போல வளைந்தது. அன்று முதல் சங்கத்தின் எல்லாப் பட்டிகளும் சனிக்கிழமை மாலை அவர் மெஸ்ஸுக்குப் போய், இட்லி வாசத்தோடு ஞாயிறு காலை திரும்பி வந்தன. இரண்டு வருடத்தில் ஒன்றுகூட உடையவில்லை. சென்னகிருஷ்ணன் ஒவ்வொரு பட்டியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பேசாமல் எடுத்து ஒட்டிக்கொண்டார்.

சிக்கல் விலாக்கட்டையில் தொடங்கியது. கப்பலின் முதுகெலும்பு போன்ற நீளக்கட்டையில் காடி வெட்டி, அதில் விலா எலும்பு போல இருபத்திரண்டு வளைந்த கட்டைகளைச் செருக வேண்டும். கட்டையின் கனம் ஐந்து மில்லிமீட்டர், காடியும் ஐந்து. கெம்பம்மா நாலு மாதம் இழைத்து, உப்புத்தாள் போட்டு, ஒவ்வொன்றையும் காடியில் செருகிப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்தார். சென்னகிருஷ்ணன் தன் சொந்தக் காசில் வாங்கிய டிஜிட்டல் வெர்னியரை எடுத்தார். கட்டைகளை அந்தக் கருவியின் இரண்டு உலோகத் தாடைகளுக்கு நடுவே பிடித்துக் கனம் அளந்தார். நாலு புள்ளி ஆறு. அடுத்தது, நாலு புள்ளி ஆறு. இருபத்திரண்டும் ஒல்லி.

ஆனால் காடியில் உட்காருகிறதே சார் என்று கெம்பம்மா மெதுவாகச் சொன்னார். உட்காருவது கணக்கில்லை, வரைபடம்தான் கணக்கு என்றார் சென்னகிருஷ்ணன். கெம்பம்மா கட்டைகளை அள்ளிக்கொண்டு போனார். அவை அவர் அடுப்பில் ஒரு நாள் பருப்பை வேகவைத்தன. அடுத்த ஐந்து மாதத்தில் புதிதாக இருபத்திரண்டு செய்தார். இந்தத் தடவை ஐந்து என்று வெர்னியர் காட்டியது. சென்னகிருஷ்ணன் பேசாமல் தள்ளிவைத்தார், அதாவது தேறிவிட்டன. ஆனால் காடியில் போகவில்லை. கெம்பம்மா சுத்தியலால் தட்டினார். நீளக்கட்டை நடுவில் பிளந்துகொண்டது.

அந்த வாரம்தான் கம்பெனியில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து, கீழே வேலை செய்பவர்களை எப்படி ஊக்குவிப்பது என்று வகுப்பு எடுத்திருந்தார். முதலில் ஒரு நல்லது, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு நல்லது, இப்படிச் சொன்னால் யார் மனமும் நோகாது என்பது அவர் கொடுத்த சூத்திரம். சென்னகிருஷ்ணன் அதை நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஞாயிறன்று பிளந்த கப்பலை முன்னால் வைத்துக்கொண்டு கெம்பம்மா நின்றபோது, நேர்மையாக முயற்சி செய்தார்.

“நல்ல மரம்” என்றார். பிறகு, “நீளக்கட்டை பிளந்துருச்சு, காடி தப்பு, முதல்லேர்ந்து செய்யணும்.” அடுத்து வெகுநேரம் யோசித்தார். பட்டறையே காத்திருந்தது. கடைசியில் சொன்னார்: “நல்ல மரம்.”

கெம்பம்மாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு கன்னடத்துக்குப் போய்விடும். அன்று தமிழிலேயே பேசினார்.

“மரத்தை நான் செய்யலியே சார்.”

கப்பலைத் தீவனச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனவர் மூன்று வாரமாக வரவில்லை, சென்னகிருஷ்ணனின் போனை எடுக்கவுமில்லை. மெஸ்ஸுக்கு நேரில் போனால் களி வந்தது, பேச்சு வரவில்லை. ஜமீர் போய்க் கேட்டதற்குப் பதில் தெளிவாக இருந்தது. ஆயுத பூஜைக்கு அடுப்பு, கத்தி, கிரைண்டரோடு கப்பலையும் வைத்துக் கும்பிட்டுவிடப்போவதாகவும், மறுநாள் காலை நாலரைக்கு அதையே வைத்து அடுப்பைப் பற்றவைக்கப் போவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு கொப்பரைத் தண்ணீர் கொதிக்க ஆகும், எதுக்காவது ஆகட்டும்.

சென்னகிருஷ்ணன் இதைக் கேட்டு நிலைகுலைந்துவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டிகள் பட்பட்டென்று உடைந்தன. ஒவ்வொன்று உடையும்போதும் கோபி “சரி சார்” என்றான். சங்கத்தில் தன் சொல்லை அப்படியே நம்பி நடந்த ஒரே ஆள் போய்விட்டார் என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. நம்பாதவர்களின் கப்பல்கள் எல்லாம் நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தன.

ஆயுத பூஜை அன்று மதியம் ரூபா வீட்டுக் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மனை, மிக்ஸி, ஸ்கூட்டர் சாவி, வெர்னியர்.

“ஏங்க, போன வருசம் வச்ச சந்தனமே இன்னும் இதுல கெடக்குது பாருங்க” என்றார். “ஒரு வருசமா தொடைக்கவே இல்லியா?”

சென்னகிருஷ்ணன் விருட்டென்று எழுந்தார். வெர்னியரை வாங்கி மூடிப் பார்த்தார். தாடைகளின் அடியில், இரண்டும் சேரும் மூலையில், காய்ந்து கல்லாகிப் போன சந்தனம் ஒரு பொட்டு அளவுக்கு இருந்தது. தாடைகளை மூடி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். நுனியில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. கம்பெனியில் தினமும் காலையில் செய்யும் சோதனை இது. வீட்டில் ஒரு வருடமாகச் செய்யவில்லை. போன வருடம் பூஜை முடிந்த மறுநாள், வெளிப்பக்கத்தை மட்டும் பக்தியோடு துடைத்துவிட்டு, உள்ளே சந்தனம் இருப்பது தெரியாமல் தாடையை மூடி, இதுதான் பூஜ்ஜியம் என்று பொத்தானை அழுத்தியிருக்கிறார். அதாவது அன்றிலிருந்து அந்தக் கருவிக்கு எதுவும் இல்லாத இடமே கொஞ்சம் அகலமானதாக இருந்திருக்கிறது. எதை அளந்தாலும் அந்தச் சந்தனத்தின் கனம் குறைவாகத்தான் காட்டியிருக்கும்.

எவ்வளவு கனம் என்று பார்க்க வேண்டும். அதற்குள் ரூபா கையிலிருந்து பிடுங்கி, பழையதைச் சுரண்டித் துடைத்து, இந்தத் தடவை அதன் பெட்டியின் மேல் புதுச் சந்தனம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார். சாமிக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுக்க வேண்டும், தொடக்கூடாது.

மறுநாள் நாலரைக்குக் கெம்பம்மாவின் அடுப்பு பற்றவைக்கப்படும். சென்னகிருஷ்ணன் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர் பக்கம் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நவமி மாலை 6.12 வரை, பிறகு தசமி.

“ஆறு பதிமூணுக்கு எடுத்தா அது நாளைக்குத்தான்” என்றார்.

“சாமிகிட்டயும் நிமிசக் கணக்கா?” என்றார் ரூபா.

ஆறு மணியிலிருந்து படத்தின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பார்ப்பவர்களுக்குப் பக்தி போலத் தெரிந்திருக்கும். ஆறு பதிமூன்றுக்கு வெர்னியரை எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, புதிதாகப் பூஜ்ஜியம் வைத்தார். கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த, பத்து மில்லி சரியாக உள்ள ஒரு எஃகுத் துண்டை அளந்தார். பத்து. பிறகு ரூபா சுரண்டி எடுத்திருந்த சந்தனச் சில்லைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து அளந்தார். புள்ளி நாலு. நெற்றியில் வைத்தால் யார் கண்ணிலும் படாத கனம்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கருவி தவறென்று தெரிந்தால், கடைசியாக அது சரியாக இருந்த நாளிலிருந்து அதைக் கொண்டு அளந்த எல்லாவற்றையும் தேடிப்போய் மறுபடி அளக்க வேண்டும். தொழிலில் அதுதான் முறை. கார் உலகின் எந்த மூலைக்குப் போயிருந்தாலும் திரும்பக் கூப்பிடுகிறார்கள். அவர் நோட்டில் தேதிவாரியாகப் பட்டியல் போட்டார். முதலில் கோபி, பிறகு ஜமீர், மூன்றாவது கெம்பம்மா. நேராகக் கெம்பம்மாவிடம் போய்விடலாம் என்று ரூபா சொன்னார். தேதிப்படி மூன்றாவதுதான் வருகிறது என்றார் சென்னகிருஷ்ணன்.

கோபி பொரி தின்றுகொண்டிருந்தான். போன பூஜைக்குப் பிறகு நான் உன் கப்பலில் சொன்ன பதினோரு குறையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அறிவித்துவிட்டு, சென்னகிருஷ்ணன் மறுபடி அளந்தார். ஒன்பது குறை போய்விட்டது, இரண்டு மிஞ்சியது. அந்தப் பதினொன்றில் எதைத் திருத்தினாய் என்று கேட்டார். கோபி தயங்கி, எதையும் திருத்தவில்லை என்றான். பிறகு பழக்கதோஷத்தில் “சரி சார்” என்றான், கூடவே கிளம்பினான்.

ஜமீரின் வீட்டில் அளந்தபோது நிலைமை வேறு. அங்கே குறைகள் மூன்று மில்லி, நாலு மில்லி என்று இருந்தன. புள்ளி நாலைக் கழித்தும் கூட்டியும் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. “உனக்கு ஒண்ணும் மாறல தம்பி, அப்படியே இருக்குது” என்று வருத்தத்தோடு சொன்னார். ஜமீர் சிரித்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“அண்ணே, லிஸ்ட்ல ஒண்ணு குறையுதே. ஒரு வருசமா உங்க கப்பலை எதுல அளந்தீங்க?”

சென்னகிருஷ்ணன் நோட்டை மூடிக்கொண்டார். அவருக்கு அது தோன்றாமல் இல்லை. மதியமே தோன்றியது, எழுதத்தான் கை வரவில்லை. அவரும் இந்த ஒரு வருடமாக ஒரு புதுக் கப்பல் செய்துவருகிறார், மூன்று பாய்மரம், விலாக்கட்டை முப்பது. ஒவ்வொன்றும் காடியில் வெண்ணெய் போல உட்கார்ந்திருந்தது. அதில் அவருக்கு அந்தரங்கமாக ஒரு பெருமை. இப்போது யோசித்தால் காரணம் எளிது. கட்டையும் புள்ளி நாலு கூடுதல் தடிப்பு, காடியும் புள்ளி நாலு கூடுதல் அகலம். தவறும் தவறும் கைகோத்துக்கொண்டு சரி போல நின்றன.

ஜமீர் விடவில்லை. தன் லோடு ஆட்டோவை எடுத்தார். சென்னகிருஷ்ணன் வீட்டு வாசலில் நிறுத்தியதும், யாரும் கேட்பதற்கு முன்பே ரூபா ஷோகேஸைத் திறந்து அந்த மூன்று பாய்மரக் கப்பலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். இருபத்தாறு வருடமாக எதற்கோ காத்திருந்தவர் முகம் போலிருந்தது. தானும் வருவதாகச் சொல்லி முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் கப்பலைப் பிடித்துக்கொண்டு சென்னகிருஷ்ணனும் கோபியும் நின்றார்கள். வாழைக்கன்று கட்டிய வண்டிகளுக்கு நடுவே பாய்மரத்தோடு ஆட்டோ போனதால், அது ஏதோ கம்பெனியின் பூஜை ஊர்வலம் என்று நினைத்து இரண்டு இடத்தில் திருஷ்டிப் பூசணி உடைத்தார்கள்.

மெஸ் பூட்டியிருந்தது. பின்கட்டில் கெம்பம்மாவின் வீடு. கதவைத் திறந்தவர் ஆட்டோவையும், கப்பலையும், சென்னகிருஷ்ணன் கையிலிருந்த வெர்னியரையும் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. அடுப்புக்கு முன்னால் அவர் கப்பல் இருந்தது. பிளந்த கட்டையைத் தேங்காய்க் கயிற்றால் கட்டி, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் குங்குமம் வைத்திருந்தார்.

சென்னகிருஷ்ணன் நின்றபடியே சொல்லத் தொடங்கினார். மன்னிப்புக் கேட்டார் என்று சொல்ல முடியாது. தேதி, கருவியின் எண், சந்தனம் இருந்த இடம், அதன் கனம், விளைவு என்று அறிக்கை போலப் படித்தார். காகிதத்தில் மடித்து வைத்திருந்த சந்தனச் சில்லையும் ஆதாரமாக நீட்டினார். கெம்பம்மா அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

“அப்ப மொதல்ல நான் செஞ்சது?”

அதை அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும், அவைதான் எரிந்துவிட்டனவே என்றார் சென்னகிருஷ்ணன். கெம்பம்மா சுவர்ப்பக்கம் போனார். கரண்டிகள் தொங்கிய இடத்தில் ஆணியில் ஒரு வளைந்த கட்டை மாட்டியிருந்தது. நன்றாக வளைந்திருந்ததால் எரிக்க மனம் வராமல் கரண்டி மாட்ட வைத்துக்கொண்ட ஒரே ஒரு விலாக்கட்டை. புகையேறிக் கறுத்திருந்தது. கரண்டிகளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அதைக் கொடுத்தார்.

சென்னகிருஷ்ணன் தாடையைத் துடைத்தார். அளந்தார். இன்னொரு இடத்தில் அளந்தார். ஐந்து புள்ளி பூஜ்ஜியம் இரண்டு. ஐந்து புள்ளி பூஜ்ஜியம் ஒன்று.

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

“குறையில்ல” என்றார்.

ரூபா பின்னாலிருந்து, அவர் சொல்வதிலேயே அதுதான் பெரியது, என்னையும் அதைச் சொல்லித்தான் கட்டினார் என்று விளக்கம் கொடுத்தார். கெம்பம்மா சமாதானமாகவில்லை.

“அந்தக் கல்லாவி ஆளு ஒடஞ்ச கட்டைக்கும் சூப்பர்ங்கிறான்” என்றார். “நீங்க ஒடையாததுக்கும் ஒண்ணும் சொல்றதில்ல. ரெண்டு பேரையும் வச்சிக்கிட்டு நான் என்னான்னு கப்பல் செய்யறது? ரெண்டு வருசமா உங்க பட்டியெல்லாம் என் கொப்பரையிலதான வெந்துது. ஒண்ணு ஒடஞ்சிருக்குதா?”

“இல்ல.”

“அதையாவது சொல்லியிருக்கலாம்ல?”

சென்னகிருஷ்ணன் யோசித்தார். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும், ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குள் ஏதோ ஒன்று நிறைவாக உட்கார்ந்ததும் உண்மை. அது தட்டில் தள்ளுவதோடு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தார். உலோகத் துண்டுக்கு அது போதும்.

“நீ வளைச்ச பட்டி மாதிரி எனக்கு வளைக்க வராதும்மா” என்றார். சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. ஜமீர் அவசரமாக அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

கெம்பம்மா வெர்னியரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேராக ஆட்டோ பக்கம் போனார். மூன்று பாய்மரக் கப்பலில், பட்டி ஒட்டாமல் திறந்திருந்த பக்கத்தில் முதல் விலாக்கட்டையைத் தாடையில் பிடித்தார். எண்ணைச் சத்தமாகப் படித்தார், கோபி நோட்டில் எழுதினான். ஐந்து புள்ளி நாலு. ஐந்து புள்ளி நாலு. ஐந்து புள்ளி மூன்று ஒன்பது. முப்பது கட்டையும் தடிப்பு. மெஸ்ஸில் கடன் சொல்பவர்களின் முகத்தைப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் பார்த்தார். முடிந்ததும் இரண்டு அடி பின்னால் போய் நின்று, கப்பலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

“நல்ல மரம்” என்றார்.

ஜமீர் ஆட்டோவின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரூபா சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. சென்னகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. முறைப்படி அடுத்து என்ன என்பது அவருக்குத் தெரியும். அளவு தவறியதைத் தனியே எடுத்து உடைத்துவிட வேண்டும், தெரியாமல்கூட யாரும் பயன்படுத்திவிடக் கூடாது. அவர் கப்பலை ஆட்டோவிலிருந்து இறக்கினார், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் வைத்தார், கெம்பம்மாவின் கப்பலுக்குப் பக்கத்தில். காலையில் இரண்டையும் சேர்த்தே அடுப்பில் வைக்கச் சொன்னார்.

கெம்பம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்களுக்குக் கிறுக்கா சார்? காடியில உக்காருது இல்ல?”

“உக்காருது. ஆனா வரைபடத்துல...”

“உக்காருதா, இல்லியா?”

“உக்காருது.”

“அப்புறம் என்னாத்துக்கு எரிக்கணும்? கொஞ்சம் குண்டா இருக்குது. இருந்துட்டுப் போவட்டும். நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க.”

சென்னகிருஷ்ணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. இதை யாராவது தன்னிடம் கடைசியாக எப்போது சொன்னார்கள் என்று தேடினார், கிடைக்கவில்லை. கடைசி மேஜைக்காரரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. காதுமடல் சூடாவது போலிருந்தது. இப்படி ஒரு விளைவு இருக்கும் என்று பெங்களூர்க்காரர் வகுப்பில் சொல்லவில்லை.

அளவு தவறினாலும் வேலைக்கு ஆகும் என்றால் வாங்குபவர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ளும் வழக்கம் தொழிலில் உண்டு, அதை டீவியேஷன் என்பார்கள் என்று கோபி நினைவூட்டினான். சங்கத்தில் அவன் சொன்ன முதல் உருப்படியான யோசனை இது. நோட்டில் சென்னகிருஷ்ணன் எழுதினார்: விலாக்கட்டை முப்பது, கனம் கூடுதல், அப்படியே ஏற்கப்பட்டது. கெம்பம்மா ‘கெம்பம்மா, மெஸ்’ என்று கையெழுத்துப் போட்டார்.

“என்னுதுக்கு இப்டி ஆகாது” என்றார் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபடி. “எனக்கு அஞ்சுன்னா அஞ்சு வேணும். நீங்க சொல்லித்தான் நாலு மாசத்து வேலைய எரிச்சேன். இருபத்திரண்டும் நீங்க செஞ்சு குடுங்க.”

“இருபத்தொண்ணு” என்றார் சென்னகிருஷ்ணன், கறுத்த கட்டையைக் காட்டி. “இது இருக்குது.”

“கரண்டி எங்க மாட்டுறது? இருபத்திரண்டு.”

விஜயதசமி அன்று காலை நாலரைக்கு அடுப்பு சவுக்குக் கட்டையில் பற்றியது. புதுக் கப்பல் வேலை தொடங்க நல்ல நாள் என்று ஜமீர் ஒரு நீளமான பைன் பலகையை இலவசமாக அறுத்துக் கொடுத்தார், வழக்கம்போல மூன்று மில்லி தடிப்பாக. வாட்ஸ்அப்பில் கோபி இரண்டு கப்பலும் அடுப்புக்கு முன்னால் இருக்கும் படத்தைப் போட்டான். கல்லாவியிலிருந்து “சூப்பர் சார்” வந்தது. கூடவே, கப்பல் எப்போது கிளம்பும் என்ற கேள்வியும்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னகிருஷ்ணன் தன் கையால் இழைத்த முதல் ஆறு விலாக்கட்டைகளைத் துணியில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். கெம்பம்மா ஆவியில் வளைத்த பட்டிகளோடு முன்பே வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சென்னகிருஷ்ணன் ஒரு பட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தள்ளிவைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு, நல்லா வந்திருக்குதும்மா என்றார். முன்புபோல மூச்சு வாங்கவில்லை. கெம்பம்மா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து கட்டைகளின் முறை. சென்னகிருஷ்ணன் வெர்னியரின் தாடைகளைத் துணியால் துடைத்தார், மூடினார், ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் தெரியவில்லை. திருப்தியாகப் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனார்.

“இன்னொரு தடவ தொடைங்க சார்” என்றார் கெம்பம்மா.

சென்னகிருஷ்ணன் துடைத்தார்.